குழுவாகக் காரில் போய் ஃபாசில் (புதைபடிவம்) சேகரிப்பது எப்படி: தகவல் சீட்டிலிருந்து தொடங்குங்கள்

முதல்முறை ஃபாசில் எடுக்கக் கிளம்புகிறவர்கள் எந்தச் சுத்தியல் வாங்குவது என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பிறகு வருகிறேன். நண்பர்கள் சேர்ந்து இரண்டு மூன்று கார்களில் கிளம்பி, ஒரே பயணத்தில் பல இடங்களைப் பார்க்கும்போது முதலில் குழம்புவது ஒவ்வொரு கல்லோடும் வைக்கும் தகவல் சீட்டு. இரவு தங்கும் அறையில் எல்லோருடைய பையையும் ஒரே தரையில் கொட்டிவிட்டால், எந்த அம்மோனைட் (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடல் உயிரி) எந்த இடத்தில் கிடைத்தது என்று கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. இடம் தெரியாத ஃபாசில் அலமாரிக்கு அழகு, ஆராய்ச்சிக்கு உதவாது. அதனால் இந்தப் பதிவில் பாதி சீட்டைப் பற்றியே இருக்கும்.

1. இடமும் அனுமதியும்

புவியியல் வரைபடத்தில் படிவுப் பாறை உள்ள பகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பாறை, ஷேல் (ஏடு ஏடாகப் பிளக்கும் களிமண் பாறை), மணற்பாறை மூன்றும் நல்ல தொடக்கம். நிலம் யாருடையது என்று விசாரித்து, அனுமதியை எழுத்தில் வாங்கி, ஒவ்வொரு காரிலும் ஒரு நகல் வையுங்கள்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் நில மேலாண்மைப் பணியகத்தின் நிலங்களில், பொதுவாகக் கிடைக்கும் சிப்பி, செடி ஃபாசில்களைச் சொந்தச் சேகரிப்புக்காக அளவோடு எடுக்கலாம். முதுகெலும்புள்ள விலங்குகளின் எச்சத்தை அனுமதிச் சீட்டு இல்லாமல் தொடக்கூடாது. 2009இல் வந்த சட்டம் இதை உறுதிப்படுத்தியது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் நில உரிமையாளர் ஒப்புக்கொண்டால் தரைமேல் கிடப்பதை எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் உரிமை மாகாணத்துடையது. தோண்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். போகும் இடத்தின் விதியைக் குழுவில் எல்லோரும் படித்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது.

2. கருவிகள்

தலையும் பிடியும் ஒரே எஃகுத் துண்டாக அடித்து உருவாக்கிய புவியியல் சுத்தியல் வாங்குங்கள். ஷேலைப் பிளக்க, பின்பக்கம் உளிபோல் தட்டையாக உள்ளது நல்லது. கூர்முனை உள்ளது கடினமான பாறைக்கு. தச்சுச் சுத்தியல் வேண்டவே வேண்டாம், பாறையில் அடிக்கும்போது அதன் முனை சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஒரு சுத்தியலின் தலையில் இன்னொன்றால் அடிப்பதும் அதே காரணத்துக்காகக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவர் கையில் சுத்தியல் கொடுக்காதீர்கள்.

பத்து மடங்கு உருப்பெருக்கி போதும். இவற்றோடு அலுமினியத் தாள், கழிப்பறைக் காகிதம், ஜிப் பைகள், காகிதத் துண்டுகள், நிறைய பென்சில்.

3. பாறைச் சரிவில்

செங்குத்துச் சரிவின் அடியில் நிற்காதீர்கள். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் ஃபாசில் தேடியே வாழ்ந்த மேரி அன்னிங்கின் நாய், 1833இல் சரிவு இடிந்து விழுந்து இறந்தது. அவரும் மயிரிழையில்தான் தப்பினார். ஒரே சரிவில் ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் வேலை செய்வதும் ஆபத்து. கடற்கரை என்றால் நீர் இறங்கத் தொடங்கும்போது போய், ஏறத் தொடங்குமுன் திரும்புங்கள்.

4. சீட்டு

இங்கே நிதானமாகப் படியுங்கள்.

கிளம்புவதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எழுத்து கொடுங்கள். "க-0312-ஆ-07" என்றால், "க" என்பவர், டிசம்பர் 3ஆம் தேதி, "ஆ" என்ற இடத்தில் எடுத்த ஏழாவது கல். ஒரே எண் இருவரிடம் வர வழியே இல்லை.

கல்லைப் பெயர்க்குமுன், அது கிடக்கும் நிலையிலேயே சீட்டையும் அளவுகோலையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். சீட்டில் எழுத வேண்டியவை: எண், எடுத்தவர் பெயர், தேதி, அட்சரேகை தீர்க்கரேகை, பாறை அடுக்கு.

அட்சரேகை தீர்க்கரேகையில் தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் என்பது ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆனால் கைபேசி பல மீட்டர் தள்ளிக் காட்டும். அதனால்தான் படமும் வேண்டும் என்கிறேன்.

பலரும் விட்டுவிடுவது அடுக்கை. சரிவில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற கெட்டியான பட்டை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு எத்தனை சென்டிமீட்டர் மேலே, அல்லது கீழே என்று டேப்பால் அளந்து எழுதுங்கள். குழு முழுவதும் ஒரே பட்டையிலிருந்து அளக்க வேண்டும். ஆளுக்கொரு பட்டை என்றால் அளவுகளை ஒப்பிட முடியாது. கல் அடுக்கிலேயே பதிந்திருந்ததா, கீழே உதிர்ந்து கிடந்ததா என்பதையும் குறியுங்கள். உதிரிக் கல் மேலே எந்த அடுக்கிலிருந்தும் உருண்டு வந்திருக்கலாம். அதற்கு உயர அளவு எழுதினால் அது பொய்த் தகவல்.

ஷேல் இரண்டாகப் பிளந்து இருபக்கமும் பதிவு இருந்தால் இரண்டையும் எடுங்கள். ஒரே எண்ணோடு "வலம்", "இடம்" என்று சேர்த்தால் போதும்.

பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவின் மை காலப்போக்கில் மங்கும், ஜெல் பேனாவில் பல ஈரத்தில் கரையும். சீட்டைத் தனிச் சிறு ஜிப் பையில் போட்டுக் கல்லோடு சுற்றி, பொட்டலத்தின் வெளியிலும் எண்ணை எழுதுங்கள். கைபேசிக் குறிப்பு கூடுதல் நகல்தான். இதெல்லாம் கல் கிடைத்த இடத்திலேயே முடிய வேண்டும். காருக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்.

5. கட்டுவதும் ஏற்றுவதும்

முதலில் மெல்லிய காகிதம், மேலே அலுமினியத் தாள். தாள் கல்லின் வடிவத்துக்கே மடங்கிக்கொள்வதால், உள்ளே உடைந்தாலும் துண்டுகள் இடம் மாறாமல் இருக்கும். ஈர ஷேலை வெயிலில் காயவைக்காதீர்கள், ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். ஓர் இடத்துக்கு ஒரு பெட்டி. கனமானவை அடியில்.

6. வீடு திரும்பிய பிறகு

கடற்கரையில் எடுத்ததைப் பலமுறை தண்ணீர் மாற்றி நன்னீரில் ஊறவையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே தங்கிய உப்பு படிகமாகி மேற்பரப்பை உரித்துவிடும். பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பொன்போல் மின்னும் கனிமம்) உள்ள கல்லுக்கு இந்த வேலை வேண்டாம். ஈரக்காற்று பட்டால் பைரைட் சிதைந்து கந்தக அமிலம் உண்டாகும். அது கல்லோடு சீட்டையும் பெட்டியையும் அரிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள்.

ஒட்டுவதற்கு என் தேர்வு, அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின். பிறகு எப்போது வேண்டுமானாலும் அசிட்டோனாலேயே கரைத்து எடுக்கலாம் என்பதால் அருங்காட்சியகங்களிலும் இதையே பயன்படுத்துகிறார்கள். உடனடிப் பசையை நான் தொடுவதில்லை.

பின்சேர்க்கை: பி-72 போட்டு ஒட்டிய துண்டு காரிலேயே நழுவிவிட்டது என்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அந்தப் பசை 40 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகத் தொடங்கும், வெயிலில் பூட்டி நிறுத்திய கார் அதைத் தாண்டிச் சூடாகும். ஆகவே பயணத்தில் ஒட்டாதீர்கள், துண்டுகளைச் சேர்த்துச் சுற்றிக் கொண்டுவந்து வீட்டில் ஒட்டுங்கள்.

எலும்பு தென்பட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். தோண்ட வேண்டாம். படம், இடக்குறிப்பு, அடுக்கு மூன்றையும் பதிவு செய்து, அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ தெரிவியுங்கள். அரிய பொருள் கிடைத்தால் அது அருங்காட்சியகத்துக்கே என்று கிளம்புமுன் எல்லோரும் பேசி எழுதி வைத்துவிடுங்கள். கையில் வந்த பிறகு அந்தப் பேச்சைத் தொடங்குவது கடினம்.