முஸ்டாங், ஸ்பிட்ஃபயர்: எந்த வேகத்தில் சக்கரத்தை இறக்கலாம்?

சிமுலேட்டரில் இரண்டாம் உலகப் போர் விமானம் ஓட்ட ஆரம்பிக்கிறவர்கள் எல்லோருக்கும் வரும் பிரச்சினை இது. ரன்வே கண்ணில் பட்டதும் அவசரமாகச் சக்கரத்தை இறக்குவார்கள், ஒரு பக்கம் பூட்டிக்கொள்ளும், இன்னொரு பக்கம் பாதியில் தொங்கும். பழியைச் சிமுலேட்டர் மேல் போடுவதற்கு முன் வேகமானியைப் பாருங்கள்.

பி-51டி முஸ்டாங்கில் லேண்டிங் கியரை, அதாவது சக்கரத்தையும் அதைத் தாங்கும் காலையும், இறக்க உச்ச வேகம் மணிக்கு 170 மைல். ஸ்பிட்ஃபயர் மார்க் 9-க்கு 160 மைல். இரண்டும் அந்தக் காலத்து விமானிக் கையேடுகளில் உள்ள எண்கள். வேகமானி முள் காட்டுவதைத்தான் இவை சொல்கின்றன, அதனால் எந்த உயரத்தில் பறந்தாலும் தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை.

இறங்கும்போது விழும் அத்தனை அடியையும் தாங்குகிற கால், காற்றுக்கா பயப்படும் என்று தோன்றலாம். பெரும்பாலும் கால் தாங்கிவிடும், அதைச் சுற்றி இருப்பவைதான் தாங்காது. முஸ்டாங்கில் சக்கர லீவரை இறக்கியதும் முதலில் வயிற்றுப் பக்கக் கதவுகள் திறக்கும், கால்கள் வெளியே வரும், பிறகு அந்தக் கதவுகள் மறுபடி மூடிக்கொள்ளும். நடுவில் உள்ள அந்தச் சில விநாடிகளில் மெல்லிய தகடும் கீல்களும் ஹைட்ராலிக் தண்டுகளும் நேரடியாகக் காற்றில் நிற்கின்றன. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது என்பதால் 170-க்குப் பதில் 200-இல் இறக்கினால் சுமை சுமார் 38 சதவீதம் கூடிவிடும்.

அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள். போர்க்கால பிரிட்டிஷ் விமானப்படையும் அமெரிக்கத் தரைப்படையின் விமானப்பிரிவும் மைல் கணக்கு, அமெரிக்கக் கடற்படை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்), ஜெர்மானியரும் சோவியத்தும் கிலோமீட்டர். பழுதுபார்த்து இன்றைக்குப் பறக்கவிடும் விமானத்தில் நாட் காட்டும் மானி மாட்டியிருந்து, நீங்கள் 170 என்று மனப்பாடம் பண்ணியிருந்தால், 196 மைல் வேகத்தில் லீவரைத் தொடுகிறீர்கள்.

சரி, வேகத்தை எப்படிக் குறைப்பது? எனக்குத் தெரிந்து வேலையே இங்கேதான் இருக்கிறது. இந்த விமானங்கள் வழுவழுவென்று செய்யப்பட்டவை, திராட்டிலை (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) பின்னால் இழுத்தாலும் மூக்கு கொஞ்சம் கீழே இருந்தால் வேகம் இறங்கவே இறங்காது. முஸ்டாங்கில் ஃபிளாப், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் தகடு, உதவும்: 10 டிகிரியை 400 மைல் வரையும் 20 டிகிரியை 275 வரையும் இறக்க அனுமதி உண்டு, அதனால் முதலில் ஃபிளாப், அப்புறம் சக்கரம். ஸ்பிட்ஃபயரில் அந்த வசதி கிடையாது. ஃபிளாப் ஒன்று முழுக்க மேலே, இல்லை முழுக்கக் கீழே, அதற்கும் வரம்பு அதே 160. மிச்சம் இருப்பது திராட்டிலும் திருப்பமும்தான். ரன்வேக்கு மேலாக நேராக வந்து, திராட்டிலைக் குறைத்து, உயரத்தை விடாமல் இறுக்கமாக 180 டிகிரி திரும்புங்கள். திருப்பமே வேகத்தைத் தின்றுவிடும். வெளியே வந்து இறக்கையை மட்டமாக்கி, முள் 160-க்குக் கீழே போனதை உறுதி செய்துகொண்டு அதற்குப் பிறகு லீவரைத் தொடுங்கள். திருப்பத்தின் நடுவிலேயே இறக்கினால் காலின் எடை இரண்டு மூன்று மடங்காகி, பூட்டும் தண்டுகளோடு மல்லுக்கு நிற்கும்.

ஸ்பிட்ஃபயர் லீவரில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அது வலது பக்கம் இருப்பதால் இடது கையைத் திராட்டிலில் இருந்து எடுத்து ஸ்டிக்கை (விமானத்தைத் திருப்பும் கம்பு) பிடித்துக்கொள்ள வேண்டும், வலது கை லீவருக்குப் போகும். இறக்கும் முன் லீவரை முழுக்க முன்னால் தள்ளி இரண்டு விநாடி பிடியுங்கள். சக்கரத்தை மேலே பிடித்து வைக்கும் பூட்டு ஊசிகள் மேல் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் எடை அப்போதுதான் விலகும். பிறகு ஒரே இழுப்பில் பின்னால் கொண்டுவாருங்கள். முன்னால் பிடிக்காமல் வெடுக்கென்று இழுத்தால் ஊசி சிக்கிக்கொள்ளும். சிக்கினால் பலம் காட்ட வேண்டாம், மறுபடி முன்னால் தள்ளிப் பிடித்துவிட்டு நிதானமாக இழுங்கள்.

ஏறும்போதும் இதே கை மாற்றம்தான். திராட்டிலின் உராய்வுத் திருகை ஓடும் முன்பே இறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் சக்கரத்தை மடக்கும் நேரத்தில் திராட்டில் தானாகப் பின்னால் நழுவும்.

விதிவிலக்கும் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் எஃப்4யூ கோர்சேர் விமானத்தில் முன் சக்கரங்களை மட்டும் இறக்கி, செங்குத்தாகப் பாயும்போது பிரேக் மாதிரிப் பயன்படுத்தினார்கள். அதற்கேற்பக் கட்டப்பட்ட கால்கள் அவை. அதைப் பார்த்து முஸ்டாங்கில் முயற்சி செய்ய வேண்டாம்.

வரம்பைத் தாண்டி இறக்கிவிட்டீர்களா? திரும்ப மேலே ஏற்றாதீர்கள். வளைந்த கதவு உள்ளே மாட்டிக்கொண்டால் மறுபடி வெளியே வராமல் போகலாம். அப்படியே வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் பறப்பவரைக் கீழிருந்து பார்க்கச் சொல்லிவிட்டு இறங்குங்கள். பூட்டவே இல்லை என்றால், முஸ்டாங்கில் லீவர் கீழே இருக்க சிவப்பு அவசரக் குமிழை இழுத்துப் பிடித்தபடி ரடரால் (வாலில் உள்ள சுக்கான்) மூக்கை இடமும் வலமும் ஆட்டுங்கள், கால் தன் எடையிலேயே விழுந்து பூட்டிக்கொள்ளும். ஸ்பிட்ஃபயரில் கார்பன் டை ஆக்சைடு உருளை இருக்கிறது, லீவர் இறக்கும் நிலையில் இருக்கும்போதுதான் அதைத் திறக்க வேண்டும். திறந்தபின் சக்கரத்தை மறுபடி ஏற்ற முடியாது, அதனால் எந்த ரன்வேயில் இறங்குவது என்று முடிவு செய்த பிறகு அதில் கை வையுங்கள்.