ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிப்பது?

முதுமையில் ஊன்றுகோல் எடுக்கக் கூச்சப்பட்டு, சுவரையும் நாற்காலியையும் பிடித்தபடி வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போகிறவர்கள் பலர். மறைக்க நினைத்த தள்ளாட்டத்தை அப்படிப் பிடித்து நடப்பதே காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பது வேறு விஷயம். முதலில் மாலை நடைக்கு மட்டும் எடுத்துச் சென்று பழகினால், கூச்சம் மெல்லக் கரையும். வலது முழங்கால் வலித்தால் கோலை இடது கையில் பிடித்து, வலியுள்ள காலோடு சேர்த்து முன்வைக்க வேண்டும். வலிக்கும் பக்கத்திலேயே பிடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. வழக்கமான செருப்பணிந்து நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடும்போது, கைப்பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக இருப்பதே சரியான உயரம். படியேறும்போது நல்ல காலும், இறங்கும்போது கோலுடன் வலிக்கும் காலும் முதலில் செல்லட்டும். அடிமுனை ரப்பர் தேய்ந்துவிட்டால் ஈரத்தரையில் வழுக்கும் என்பதால், அதை உடனே மாற்றிவிடுங்கள்.