மஸில்லோடருக்கு எந்த மருந்து? அமெரிக்கா போன கொங்குப் பசங்களுக்கு

கோபி, பெருந்துறை, காங்கேயம் பக்கத்திலிருந்து வேலைக்கென்று பென்சில்வேனியா, கொலராடோ, டெக்சாஸ் என்று போய்ச் சேர்ந்த நம் பசங்களில் சிலருக்கு அங்கே மான் வேட்டை பழகிவிட்டது. முதலில் தோட்டா போடும் ரைபிள், அப்புறம் கூட வேலை செய்கிற அந்த ஊர்க்காரர் யாராவது இழுத்துவிட்டு மஸில்லோடர், அதாவது குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கிற துப்பாக்கி. பல மாநிலங்களில் இதற்கென்றே தனி சீசன் விடுகிறார்கள், காட்டில் கூட்டம் குறைவு, அதுதான் ஆசைக்குக் காரணம். கடைக்குப் போனதும்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. "ஏங்கண்ணா, அலமாரி நிறைய டப்பா இருக்குதுங்க, எல்லாத்திலயும் கருப்புத் தூள்தான் படம் போட்டிருக்கு, எதைத்தான் எடுக்கிறது?" என்று அங்கிருந்து போன் வரும். அவர்களுக்காகத்தான் இது.

ஊரில் இருக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று. இது இங்கே செய்து பார்க்கிற சமாச்சாரம் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் என்ன, முயலைக்கூடச் சுட முடியாது. பாட்டன் காலத்து நாட்டுத் துப்பாக்கி அட்டாலியில் கிடந்தாலும் 1959 ஆயுதச் சட்டப்படி அதற்கு லைசென்ஸ் வேண்டும். தேங்காய் நாரை வைத்து இடித்துக் கெட்டித்த அந்தக் கால ஞாபகத்தில் யாரும் கிளம்ப வேண்டாம். அமெரிக்காவில் இருக்கிறவர்களும் ஹண்டர் எஜுகேஷன் வகுப்பு முடித்து, வேட்டை லைசென்ஸ் கையில் வாங்கிக்கொண்டு அப்புறம் துப்பாக்கியைப் பற்றி யோசியுங்கள். எச்1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அங்கே மத்திய சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் அதற்கான விலக்குகளில் ஒன்று. பழைய மாதிரி மஸில்லோடரை மத்திய சட்டம் வேறு வகையாகப் பார்க்கிறது என்றாலும் மாநிலச் சட்டம் அப்படியே பார்க்கும் என்று இல்லை.

சரி, மருந்துக்கு வருவோம். கடைக்காரரிடம் "நல்ல மருந்து எது" என்று கேட்காதீர்கள், அவர் விலை கூடினதைக் காட்டுவார். உங்கள் துப்பாக்கியில் நெருப்பு எங்கிருந்து எப்படி வருகிறது என்பதைப் பாருங்கள், பாதி டப்பாக்கள் தானாகவே கழிந்துவிடும்.

நெருப்பு மூன்று விதமாக வரும். ஃப்ளின்ட்லாக் என்றால் சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசி, பொறி விழுந்து, பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் துளி மருந்து பற்றி, அந்த ஜுவாலை ஒரு சின்ன ஓட்டை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்க வேண்டும். கேப்பு வைக்கிற துப்பாக்கியில், 11ஆம் நம்பர் கேப்பு என்று கேட்டால் எல்லாக் கடையிலும் தெரியும், குதிரை அடித்ததும் கேப்பு வெடித்து நெருப்பு பெரும்பாலும் ஒரு வளைவில் திரும்பித்தான் மருந்தைத் தொடும். மூன்றாவது இன்லைன். இதில் ஷாட்கன் தோட்டாவில் இருக்கிற அதே 209 பிரைமர், அதாவது அடித்தால் நெருப்பு கக்கும் சின்ன மூடி, மருந்துக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருக்கும், நெருப்பு பலமாக, நேராகப் பாயும்.

அசல் கருமருந்து, அதாவது பிளாக் பவுடர், காய்ந்த தென்னம்பாளை மாதிரி, பொறி பட்டாலே போதும், பற்றிக்கொள்ளும். அதற்குப் பதிலாக வந்த மாற்று மருந்துகள் அப்படி இல்லை, பற்றுவதற்கு இன்னும் சூடான நெருப்பு வேண்டும். ஃப்ளின்ட்லாக் வைத்திருக்கிறவருக்கு இதனால் தேர்வே கிடையாது: கருமருந்துதான். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்து வருகிற சீசன் ஃப்ளின்ட்லாக்குக்கு மட்டும் என்பதால் அங்கே இருக்கிற நம்மவர்கள் இந்தக் கணக்கில் வருவார்கள். பெல்லட், அதாவது உருட்டி வைத்த மாற்று மருந்து, போட்டாலும் எரியும் என்று சொல்லி விற்கிற ஃப்ளின்ட்லாக்கும் உண்டு, ஆனால் பனியில் நாள் முழுக்க நின்று, மான் வந்து, விசையை இழுத்தால் கிண்ணத்தில் மட்டும் புஸ்ஸென்று புகை வருவதைப் பார்க்க விருப்பம் இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள். என் கட்சி தூள் மருந்துதான்.

கருமருந்தில் கோயெக்ஸ், ஷூட்சன், ஸ்விஸ் என்று கிடைக்கும். ஸ்விஸ் விலை கூட, எரிவதும் சுத்தமாகவும் வேகமாகவும் எரியும். அதனால் கோயெக்ஸில் போட்ட அதே அளவை அப்படியே ஸ்விஸ்ஸுக்குப் போடாமல் குறைத்து ஆரம்பியுங்கள். டப்பாவில் எஃப் எழுத்து எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். எஃப் கூடக் கூடப் பருக்கை சின்னது, எரியும் வேகம் அதிகம். ஒற்றை எஃப் பெரிய மஸ்கட்டுக்கு, அதாவது பழைய பட்டாளத் துப்பாக்கிக்கு. டூ எஃப்தான் 50 காலிபரும் (காலிபர் என்பது குழல் துளையின் அளவு) அதற்கு மேலும் இருக்கிற மான் ரைபிளுக்கு வழக்கம். த்ரீ எஃப் 45 காலிபர் வரைக்கும், பிஸ்டலுக்கும். 50 காலிபரிலும் த்ரீ எஃப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், போட்டால் அளவைக் குறைக்க வேண்டும், கையேடு அனுமதிக்கவும் வேண்டும். ஃபோர் எஃப் ஃப்ளின்ட்லாக் கிண்ணத்துக்கு மட்டும், குழலுக்குள் போகக் கூடாது.

கேப்பு துப்பாக்கிக்கும் கருமருந்தே நிம்மதி. கருமருந்து வைக்கிற கடை பக்கத்தில் இல்லை என்றால், அங்கே பல கடைகள் அதை வைப்பதில்லை, பைரோடெக்ஸ் ஆர்எஸ் என்கிற மாற்று மருந்தை வாங்கலாம், அது டூ எஃப்புக்குச் சமமாக வைத்துத் தயாரித்தது. பைரோடெக்ஸ் பி என்பது த்ரீ எஃப்புக்குச் சமம். வளைவான வழியில் போகிற நெருப்பு, ஈரக் காற்று, கொஞ்சம் எண்ணெய் மிச்சம் எல்லாம் சேர்ந்தால் பைரோடெக்ஸ் தாமதமாகப் பற்றும், சில நேரம் பற்றவே பற்றாது. கெட்டிப்பதற்கு முன்னால் வெறும் கேப்பு ஒன்றிரண்டை அடித்து வழியைக் காயவைப்பது இதற்காகத்தான். குதிரை விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை ஆளில்லாத பக்கமே பிடித்துக்கொண்டு ஒரு நிமிடமாவது பேசாமல் நில்லுங்கள். குழல் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

இன்லைன்காரர்களுக்குத்தான் தேர்வு விரிகிறது, குழப்பமும் அங்கேதான். டிரிபிள் செவன் கந்தகம் இல்லாத மருந்து, அழுகின முட்டை நாற்றம் கிடையாது, தண்ணீரிலேயே கழுவிவிடலாம், பலமும் கூட. கருமருந்துக்குச் சொன்ன அளவில் 15 சதவீதம் குறைத்துப் போடு என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். இதன் தொல்லை, சுட்டபின் குண்டு உட்காருகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே குழலுக்குள் வளையமாகக் கட்டிப்போகும், அடுத்த குண்டு அங்கே போய் நிற்கும். ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் ஈரத்துணி ஒரு தடவை விட்டு எடுத்தால் தீர்ந்தது, சூடு குறைந்த 209 பிரைமர் போட்டாலும் குறையும்.

பிளாக்ஹார்ன் 209 வேறு ரகம். கசடு மிகக் குறைவு, ஈரத்தை இழுக்காது, துடைக்காமலே பல தடவை சுடலாம். இன்லைன் வைத்து மான் சீசனுக்குப் போகிறவர், மாநில விதி இடம் கொடுத்தால், நான் இதையே சொல்வேன். ஆனால் பேரிலேயே இருக்கிற மாதிரி 209 பிரைமர் மட்டும்தான் இதைப் பற்ற வைக்கும், கேப்பு துப்பாக்கிக்கு ஆகாது. சில இன்லைன்களின் பின் அடைப்புகூட இதற்கு ஒத்துவராது, வாங்கும் முன் துப்பாக்கி கம்பெனி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். டப்பாவும் சின்னது, 10 அவுன்ஸ்தான், விலை கடிக்கும். நம்மாள் கணக்குப் போடாமல் விடமாட்டான் என்பதால் சொல்கிறேன்: ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன், கருமருந்தில் தடவைக்கு 80 கிரெய்ன் என்றால் 87 வெடி. சீசனுக்கு முன் பழக வேண்டியதை எல்லாம் பழகி மிச்சமும் இருக்கும். ஆன்லைனில் வாங்கினால் அபாயப் பொருள் என்று தனிக் கட்டணம் போடுவார்கள், அதனால் நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள், இல்லையேல் நேரே கடையில் எடுங்கள்.

பெல்லட் என்பது இதே மாற்று மருந்தை 50 கிரெய்ன், 30 கிரெய்ன் என்று உருட்டி வைத்தது. இரண்டு போட்டால் 100, அளக்க வேண்டியதில்லை. ஆனால் 100 சரியில்லை, 85தான் உங்கள் குழலுக்குப் பிடிக்கிறது என்றால் பெல்லட்டில் அதற்கு வழியில்லை, உடைத்துப் போடவும் கூடாது. பைரோடெக்ஸ் பெல்லட்டில் ஒரு முனை கருப்பாக இருக்கும், அந்த முனை பிரைமர் பக்கம் போக வேண்டும். இதை எல்லாம்விட முக்கியம், கொலராடோ மஸில்லோடர் சீசனில் பெல்லட்டே கூடாது, தூள் மட்டும்தான். மாநிலத்துக்கு மாநிலம் இப்படி மாறுவதால், அந்த வருடத்துக்கான வேட்டை விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு டப்பாவைத் தொடுங்கள்.

அளவு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், கை போவது இங்கேதான். மஸில்லோடரில் கிரெய்ன் என்று சொன்னால் அது கொள்ளளவு, எடை இல்லை. ஒரு கிரெய்ன் எடை என்பது 0.065 கிராம், ஆகவே 100 கிரெய்ன் கருமருந்து ஆறரை கிராம் வரும், அங்கே எடையும் அளவும் ஏறக்குறைய ஒத்துப்போகும். மாற்று மருந்துகள் எடை குறைந்தவை. பிளாக்ஹார்னில் அளவுக்குழாயில் 100 என்று எடுத்தால் தராசில் 70 கிரெய்ன்தான் காட்டும். எலக்ட்ரானிக் தராசு வாங்கி வைத்திருக்கிற நம் பொறியாளர் தம்பி, துல்லியமாகச் செய்கிறேன் பேர்வழி என்று தராசில் 100 கிரெய்ன் நிறுத்துப் போட்டால், உள்ளே போவது 140க்கு மேல். அந்த மருந்துக்கு உச்சமே அளவில் 120, எடையில் 84. ஆகவே பித்தளை அளவுக்குழாய் ஒன்று வாங்கி அதிலேயே அளந்து போடுங்கள், தராசில்தான் நிறுப்பேன் என்றால் டப்பாக்காரர் கொடுத்த எடைப் பட்டியலைப் பார்த்துப் போடுங்கள். மருந்து வைக்கிற கொம்பிலிருந்தோ டப்பாவிலிருந்தோ நேராகக் குழலுக்குள் கொட்டவே கூடாது. உள்ளே ஒரு கங்கு மிச்சம் இருந்தால் கையில் இருக்கிற டப்பா முழுக்க வெடிக்கும்.

எவ்வளவு போடுவது? கையேட்டில் இருக்கிற குறைந்த அளவில் ஆரம்பித்து ஐந்து ஐந்து கிரெய்னாக ஏற்றி, எந்த அளவில் குண்டுகள் அட்டையில் ஒரே இடத்தில் நெருங்கி விழுகின்றன என்று பாருங்கள். 50 காலிபரில் துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கு டூ எஃப் 70லிருந்து 90க்குள், இன்லைனுக்கு 80லிருந்து 100க்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். மேக்னம் என்று 150 போடச் சொல்லி விளம்பரம் வரும். தோளில் உதை கூடுவதும், குறி சிதறுவதும், மருந்தில் ஒரு பங்கு குழலுக்கு வெளியே போய் எரிவதும்தான் பெரும்பாலும் கண்ட பலன். வெள்ளைவால் மானை 100 கஜத்துக்குள் சுடுகிறவருக்கு அது தேவையே இல்லை. குண்டு மருந்தின் மேல் அழுத்தமாக உட்கார வேண்டும், நடுவில் இடைவெளி விட்டால் குழல் புடைத்துக்கொள்ளும். சரியாக உட்கார்ந்தபின் கெட்டிக்கும் கோலில் குழல் வாய் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விவாதமே வேண்டாம். சாதாரணத் தோட்டாவில் போடுகிற புகையில்லா மருந்தை மஸில்லோடரில் போடக் கூடாது, கொஞ்சமும் கூடாது, கருமருந்தோடு கலந்தும் கூடாது. அழுத்தம் எகிறிக் குழல் கிழியும், விரலோ கண்ணோ போகும். சேவேஜ் 10எம்எல் போலப் புகையில்லா மருந்துக்கென்றே கட்டின துப்பாக்கிகள் சில உண்டு, குழலில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய உங்களுடையது அது இல்லை. பார்வைக்கு இரண்டும் கருப்புப் பருக்கைதான், கண்ணால் பிரிக்க முடியாது. ஆகவே யாரோ வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்த லேபிள் இல்லாத டப்பா, பழைய காப்பி டின்னில் மாற்றி வைத்த மருந்து எதையும் வாங்காதீர்கள், சும்மா கொடுத்தாலும்.

சுத்தம் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருமருந்து, பைரோடெக்ஸ் இரண்டின் கசடும் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும், அன்றைக்கே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். டிரிபிள் செவனும் அப்படியே. பிளாக்ஹார்ன் தண்ணீருக்குப் போகாது, அதற்கு சால்வென்ட் வேண்டும், பின் அடைப்பைக் கழற்றி அதன் நெருப்பு ஓட்டையில் சேர்ந்த கரியையும் எடுக்க வேண்டும்.

மிச்ச மருந்தை வாங்கின டப்பாவிலேயே மூடி, குழந்தைகள் கைக்கு எட்டாமல், அடுப்பு, ஹீட்டர் பக்கம் இல்லாமல், பிரைமரும் கேப்பும் வேறு இடத்தில் இருக்குமாறு வையுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது மச்சானுக்குக் காட்டலாம் என்று ஒரு சின்னப் பொட்டலத்தைப் பெட்டியில் வைக்கிற யோசனை சிலருக்கு வருகிறது. கருமருந்தும் மாற்று மருந்தும் கேப்பும் பிரைமரும் விமானத்தில் கைப்பையிலும் கூடாது, உள்ளே போடுகிற பெட்டியிலும் கூடாது.