லண்டனில் முதல் மாதம்: பணம் எங்கே ஒழுகுகிறது, எப்படி அடைப்பது

லண்டனுக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் முதலில் சிக்கனம் பிடிப்பது சாப்பாட்டில். துவரம் பருப்பு 20 பென்ஸ் குறைவு என்று இன்னொரு ஏரியா கடைக்குப் பஸ் ஏறிப் போவார்கள், பஸ்ஸுக்கே அதைப்போல் பல மடங்கு போகும். அதே ஆட்கள் வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், வீட்டு மீட்டர் எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பெரிய பணம் போவது முதல் இரண்டு வாரத்தில், காகித வேலையில்தான். அதனால் இங்கே வரிசையும் அப்படியே: வாடகை, மீட்டர், கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி), அப்புறம் மற்றவை. சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்தில் பல விதிகள் வேறு.

வாடகை: கையெழுத்துக்கு முன்

விளம்பரத்தில் 'பி.டபிள்யூ' என்றிருந்தால் வார வாடகை, 'பி.சி.எம்' என்றிருந்தால் மாத வாடகை. வார வாடகையை நான்கால் பெருக்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. 52ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும். வாரம் 250 பவுண்டு அறைக்கு மாதம் 1,000 ஆகாது, 1,083 பவுண்டு. வருடத்துக்கு ஆயிரம் பவுண்டு துண்டு விழுவது இந்த ஒரு கணக்கில்தான்.

முழு வீடு எடுப்பதானால் ஏஜெண்டுகள் வருமானத்தைப் பார்ப்பார்கள். மாத வாடகையைப் போல் 30 மடங்கு ஆண்டுச் சம்பளம் என்பது வழக்கமான அளவுகோல். ஈஸ்ட்ஹாமில் இரண்டு பேர் சேர்ந்து 1,600 பவுண்டு வீடு பார்த்தால், இருவர் சம்பளமும் சேர்ந்து 48,000 இருக்க வேண்டும். எட்டாவிட்டால் ஜாமீன்தாரர் கேட்பார்கள்; அவருக்கு வழக்கமாக 36 மடங்கு. இதைக் கணக்குப் போடாமல் வீடு வீடாகப் பார்த்து அலைவதில் பயனில்லை.

அதே 1,600 பவுண்டு வீட்டுக்குக் கையில் எவ்வளவு வேண்டும்? வார வாடகை 1,600 × 12 ÷ 52 = 369.23. வீட்டைப் பிடித்துவைக்கக் கொடுக்கும் ஹோல்டிங் டெபாசிட் ஒரு வார வாடகைக்கு மேல் கூடாது. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் வீட்டு டெபாசிட் (நம்மூர் அட்வான்ஸ் போன்றது) ஐந்து வார வாடகைக்கு மேல் கூடாது, அது 1,846.15. முதல் மாத வாடகையும் சேர்த்து 3,446.15. முதலில் கட்டிய 369 இதில் கழியும். 'ரெஃபரன்ஸ் செக்', 'இன்வென்டரி', 'அட்மின்' என்று தனிக் கட்டணம் கேட்டால், 2019ஆம் ஆண்டின் கட்டணத் தடைச் சட்டப்படி அது செல்லாது. 2026 மே 1 முதல் தனியார் வாடகை வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகையும் வாங்க முடியாது. 'நீங்கள் ஊருக்குப் புதிது, ஆறு மாதம் மொத்தமாகக் கட்டுங்கள்' என்ற பழைய பாட்டுக்கு இனி இடமில்லை.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு ஐந்து வாரம் சின்னத் தொகையாகத் தெரியும். பணம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம். வீட்டுக்காரர் டெபாசிட்டை வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிந்து, உங்களுக்கு விவரமும் தர வேண்டும். தரவில்லையென்றால் நீதிமன்றம் டெபாசிட்டைப் போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லலாம். 31ஆம் நாளுக்குக் காலண்டரில் ஒரு குறி போட்டு, அன்று மின்னஞ்சலில் கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். தெரிந்த தமிழ்க் குடும்பத்தின் வீட்டில், அவர்களும் அங்கேயே இருக்க, ஓர் அறை மட்டும் எடுத்துத் தங்கினால் நீங்கள் 'லாட்ஜர்'. இந்த டெபாசிட் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. அண்ணன், அக்கா என்று கூப்பிடுகிற வீடாக இருந்தாலும் பணத்தை பேங்க் வழியாகவே அனுப்புங்கள். எதற்கான தொகை, எப்போது திரும்பும், எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று நாலு வரி எழுத்தில் வாங்குங்கள். இதைக் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது. கேட்காமல் விட்டுப் பின்னால் மனஸ்தாபம் ஆவதுதான் உறவைக் கெடுக்கும்.

நேரில் பார்க்காத அறைக்கு ஒரு பைசா கூட அனுப்ப வேண்டாம். 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்று வரும் செய்தி எல்லாமே மோசடி.

சாவி வாங்கிய நாள்

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் செல்போனை எடுங்கள். ஒவ்வொரு சுவர், மெத்தை, கார்பெட் கறை, ஜன்னல் ஓரக் கரும்பூஞ்சை, ஓவன் அடுப்பின் உட்புறம் எல்லாவற்றையும் படமெடுத்து அன்றே ஏஜெண்டுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்தால் தேதி தகராறு வரும். காலி செய்யும்போது பிடித்தம் கேட்டால் இந்தப் படங்கள்தான் பேசும். சாதாரணமாகப் புழங்கியதில் வரும் தேய்மானத்துக்குப் பிடிக்க முடியாது. நம்மூர்போல் 'பெயிண்ட்டுக்கு ஒரு மாதம் கழிவு' என்ற வழக்கம் இங்கே இல்லை.

அடுத்து மீட்டர். மின்சாரம், கேஸ், இருந்தால் தண்ணீர். மூன்று மீட்டரிலும் ரீடிங்கும் வரிசை எண்ணும் தெளிவாகத் தெரியும்படி படமெடுங்கள். நீங்கள் யாரிடமும் பதியாவிட்டாலும், குடிவந்த நாள் முதல் அந்த வீட்டுக்கு ஏற்கெனவே சப்ளை செய்யும் கம்பெனியின் வாடிக்கையாளர் நீங்கள்தான். ரீடிங் கொடுக்காவிட்டால் அவர்கள் ஒரு குத்துமதிப்புப் போடுவார்கள். முன்னால் இருந்தவர் எரித்த கேஸும் உங்கள் தலையில் விழும்.

கேஸ் மீட்டரில் ஒரு பொடி எழுத்தைக் கட்டாயம் பாருங்கள்: கன மீட்டரா, கன அடியா? ஒரு கன மீட்டர் என்றால் ஏறத்தாழ 11 யூனிட், அதாவது கிலோவாட் மணி. பழைய மீட்டர் நூறு நூறு கன அடியாக எண்ணும். அதன் ஒரு எண் 2.83 கன மீட்டர். கன மீட்டரில் எண்ணும் உங்கள் மீட்டரைக் கம்பெனி கன அடி மீட்டர் என்று பதிந்திருந்தால் பில் கிட்டத்தட்ட மூன்று மடங்காக வரும். பாய்லரையும் குளிரையும் குறை சொல்லிக்கொண்டே பல மாதம் கட்டியிருப்பீர்கள். பில்லில் எந்த அலகு போட்டிருக்கிறது என்று மீட்டர் படத்தோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சாவியோ கார்டோ போட்டு டாப்-அப் செய்யும் ப்ரீபே மீட்டர் என்றால், முதலில் கம்பெனியைக் கூப்பிட்டுப் பெயரை மாற்றிப் புதுச் சாவி வாங்குங்கள். பழைய சாவியிலேயே பணம் போட்டால், முன்னவர் வைத்துப்போன கடன் வாராவாரம் அதிலிருந்து கழிந்துகொண்டிருக்கும்.

விலை உச்சவரம்பு என்று செய்தியில் வரும் தொகையை உங்கள் பில்லின் உச்சம் என்று நினைக்காதீர்கள். எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரம்பு கட்டுவது யூனிட் விலைக்கும் அன்றாட நிலைக்கட்டணத்துக்கும்தான். எவ்வளவு எரித்தாலும் அவ்வளவும் கட்ட வேண்டும்.

குளிருக்கு ஒரு கணக்கு: மின்சார யூனிட் கேஸ் யூனிட்டைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. 2 கிலோவாட் ஃபேன் ஹீட்டரைத் தினமும் 5 மணி நேரம் ஓட்டினால் 10 யூனிட். யூனிட்டுக்கு 26 பென்ஸ் என்று வைத்தாலும் மாதம் 78 பவுண்டு, ஒரே ஓர் அறைக்கு. கேஸ் பாய்லர் இருக்கும் வீட்டில் ரேடியேட்டரைப் பயன்படுத்துங்கள். ஆளில்லாத அறையில் அதன் வால்வைக் குறைத்து வையுங்கள். ஈரத்துணியை ரேடியேட்டர் மேல் காயப்போட்டு ஜன்னலையும் மூடிவைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், டெபாசிட்டில் வம்பு வரும். சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஓட வேண்டும். சாம்பார் கொதிக்கும் வீட்டில் இது இரண்டு மடங்கு உண்மை.

கவுன்சில் டாக்ஸ்

வீட்டுக்கு ஏ முதல் ஹெச் வரை ஒரு வரிப் பட்டை (பேண்ட்) உண்டு. 1991 ஏப்ரல் விலையை வைத்துப் போட்டது. ஒரே பட்டைக்கும் கவுன்சிலுக்குக் கவுன்சில் தொகை மாறும். வெஸ்ட்மின்ஸ்டரிலும் வாண்ட்ஸ்வொர்த்திலும் மிகக் குறைவு, குரோய்டனில் அதிகம். டூட்டிங்கின் பெரும்பகுதி வாண்ட்ஸ்வொர்த்தில் இருக்கிறது. வாடகையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

தனியாக இருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை. மாணவரும் வேலை பார்ப்பவர் ஒருவரும் இருந்தால், மாணவர் கணக்கில் சேராததால் அப்போதும் 25 சதவீதம் குறையும். எதுவும் தானாக வராது; பல்கலைக்கழகக் கடிதத்தை இணைத்து விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாக ஏப்ரல் முதல் ஜனவரி வரை 10 தவணை. 12 ஆக்கித் தரச் சொல்லலாம்.

நினைவூட்டல் கடிதம் வந்தால் அலட்சியம் வேண்டாம். 7 நாளுக்குள் கட்டாவிட்டால் தவணை உரிமை போய் ஆண்டின் மிச்சம் முழுவதும் ஒரேயடியாகக் கேட்பார்கள். அதற்கப்புறம் நீதிமன்ற அழைப்பாணை, அதற்கொரு செலவு.

போக்குவரத்து

பஸ் டிக்கெட் 2023 மார்ச்சில் 1.75 பவுண்டு ஆனது. முதல் பஸ்ஸில் கார்டு தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே ஒரு டிக்கெட் பணம்தான். டியூபில் (சுரங்க ரயிலில்) காலை 6:30 முதல் 9:30, மாலை 4 முதல் 7 வரை கட்டணம் கூடும், வார நாட்களில் மட்டும். கணக்கில் எடுப்பது நீங்கள் உள்ளே தொடும் நேரத்தை. 9:28க்குக் கேட் அருகில் நின்றால் மூன்று நிமிடம் பொறுங்கள்.

நாள் உச்சவரம்பும் (ஒரு நாளில் அதற்கு மேல் பிடிக்க மாட்டார்கள்) திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வார உச்சவரம்பும் தானாகக் கணக்காகும், ஒரே கார்டைப் பயன்படுத்தினால். காலையில் பிளாஸ்டிக் கார்டு, மாலையில் அதே கார்டு போன் வழியாக என்று தொட்டால் அது இரண்டு தனி ஆட்களின் கணக்கு. வெளியேறும்போது தொட மறந்தால் அதிகபட்சக் கட்டணம் விழும். ஆன்லைனில் திரும்பக் கேட்கலாம். ஹைபரி அண்ட் இஸ்லிங்டன், கனடா வாட்டர் போன்ற நிலையங்களில் ரயில் மாறும்போது அங்குள்ள இளஞ்சிவப்பு ரீடரையும் தொடுங்கள். நடு லண்டன் வழியாகப் போகவில்லை என்று அதற்குத் தெரிந்தால்தான் குறைந்த கட்டணம். 16-25 ரயில்கார்டு (இளைஞர்களுக்கான ரயில் சலுகை அட்டை) இருப்பவர்கள் அதை ஆய்ஸ்டர் கார்டில் (லண்டன் போக்குவரத்துக்கான டாப்-அப் கார்டு) இணைக்க நிலைய ஊழியரிடம் கேளுங்கள். நெரிசலற்ற நேரக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பேங்க் கார்டில் இதை இணைக்க முடியாது.

இடம் தேடும்போது: ரயில் கட்டண மண்டலத்தின் எண் நடு லண்டனிலிருந்து வெளியே போகப் போகக் கூடும். ஈஸ்ட்ஹாம் 3, 4 மண்டலங்களின் எல்லையில் இருப்பதால் நகரத்துக்குள் போக மூன்றாம் மண்டலக் கட்டணம்தான். ஹாரோ-ஆன்-த-ஹில் ஐந்தாம் மண்டலம். வாடகையில் மிச்சமாவது ரயிலில் போகிறதா என்று பாருங்கள்.

கடை, மருந்து, டிவி

அரிசி, பருப்பு, மசாலா, கறிவேப்பிலை தமிழ்க் கடையில். பால், முட்டை, காய்கறி ஆல்டி, லிடில் போன்ற இடத்தில். பெரிய சூப்பர் மார்க்கெட்டின் தெருமுனைக் கிளையில் அதே பொருள் விலை கூட. அலமாரிச் சீட்டில் பொடி எழுத்தில் இருக்கும் கிலோ விலையைப் பாருங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று சொல்ல முடியாது.

ஜி.பி.யிடம் (உங்கள் பகுதிக் குடும்ப டாக்டர்) பதிவது இலவசம், உடம்பு சரியில்லாமல் போகும்வரை காத்திருக்க வேண்டாம். 2025-26 கணக்கில் மருந்துச் சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு. ஆண்டுக்கு 11 மருந்துக்கு மேல் வாங்குபவர் 114.50 பவுண்டுக்கு முன்கட்டணச் சான்று எடுத்தால் லாபம். பாராசிட்டமாலுக்குச் சீட்டு வாங்காதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் 16 மாத்திரை ஒரு பவுண்டுக்கும் குறைவு.

டிவி லைசென்ஸ் 2025-26இல் 174.50 பவுண்டாக இருந்தது. நெட்ஃபிளிக்ஸில் படம், யூடியூபில் பழைய நிகழ்ச்சி மட்டும் பார்த்தால் தேவையில்லை. ஆனால் தமிழ்ச் சேனலை ஆப்பில் நேரலையாகப் பார்த்தாலும் தேவை. பிபிசி ஐபிளேயருக்கும் தேவை. எல்லோரும் ஒரே வாடகை ஒப்பந்தத்தில் இருந்தால் வீட்டுக்கு ஒன்று போதும். அறைக்கு அறை தனி ஒப்பந்தம் என்றால் தனித்தனியாக எடுக்க வேண்டியிருக்கும். தேவையில்லாதவர்கள் அதை ஆன்லைனில் பதிந்துவிட்டால் எச்சரிக்கைக் கடிதங்கள் கொஞ்ச காலத்துக்கு நிற்கும்.