கட்டுமான மேலாண்மைல பிஎச்டி பண்றீங்களா? மதிப்பீட்டு முறையை எப்படி எடுக்கறது, எப்படி சோதிக்கறதுன்னு சொல்றேன்

பிஎச்டி ரெஜிஸ்டர் பண்ணின புதுசுல ஸ்காலர்ஸ் கேக்கற முதல் கேள்வியே "ஏஹெச்பி பண்ணலாமா, ஃபஸி பண்ணலாமா, எஸ்இஎம் பண்ணலாமா"ங்கறதுதான் (மூணுமே டேட்டாவை அலசற கணக்கு முறைகள்). அந்த கேள்வியை ஒரு ஆறு மாசம் தள்ளி வைங்க. கட்டட வேலை ஏன் லேட் ஆகுது, அதை எப்படி அளக்கறதுங்கற தலைப்புலதான் நானும் பண்ணேன், முறையை முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் சைட்டுக்கு போனதால ரெண்டு வருஷம் கையை விட்டு போச்சு, அது உங்களுக்கு நடக்கக்கூடாதுன்னுதான் இதை உக்காந்து எழுதறேன்.

முதல் வேலை, ஷோத்கங்காவுல (இந்திய பல்கலைக்கழக தீசிஸ்களை சேத்து வச்சிருக்கற இணையதளம்) போய் உங்க தலைப்புக்கு பக்கத்துல வர்ற பத்து தீசிஸ் எடுங்க. முழுசா படிக்கணும்னு இல்ல, கடைசில இருக்கற பின்னிணைப்புக்கு நேரா போங்க, கேள்வித்தாள் அங்கதான் இருக்கும். பத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா, ஒரே காரணப் பட்டியல் கை மாறி கை மாறி வந்திருக்கறது தெரியும், "பணம் தாமதம், டிசைன் மாற்றம், தொழிலாளர் பற்றாக்குறை, மழை"ன்னு. வேற நாட்டு பேப்பர்லேருந்து எடுத்த வரி அப்படியே நம்ம ஊர் சைட்டுக்கு வந்திருக்கும். இதைப் பாத்துட்டா உங்க பட்டியல் எங்கேருந்து வரணும்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

சைட்லேருந்துதான் வரணும். என்னோட பைலட் சர்வே அன்னிக்கு நடந்ததை சொல்றேன். ஸ்லாப் போடற நாள், காலைல பதினோரு மணி, 52 கேள்வி உள்ள தாளை சைட் இன்ஜினியர் தம்பி கையில குடுத்தேன். பின்னாடி ஆர்எம்சி கான்கிரீட் வண்டி ரிவர்ஸ் எடுத்துட்டு இருக்கு, அவர் ஒரு கண்ணை கான்கிரீட் பதம் பாக்கற ஸ்லம்ப் கோன் மேலயே வச்சுகிட்டு, தாளை ஜீப் பானட்ல வச்சு 4, 4, 4ன்னு மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே நேர்கோடா டிக் பண்ணி மூணு நிமிஷத்துல திருப்பி குடுத்துட்டார். அவர் மேல தப்பே இல்ல. சாயங்காலம் கான்கிரீட் முடிஞ்சு டீ குடிக்கும்போது அவரே சொன்னார், "மேடம், சம்ப் டிராயிங் நாலு தடவை ரிவிஷன் ஆச்சு, மூணாவது ரிவிஷன் எங்க கைக்கே வரல, பழைய டிராயிங்க பாத்து கம்பி கட்டிட்டு மறுபடி பிரிச்சோம், அதுலயே பதினோரு நாள் போச்சு"ன்னு. என் தாள்ல இது "டிசைன் மாற்றம்"னு ஒரே வரி. ஆனா அங்க பிரச்சனை டிசைன் மாறினது இல்ல, மாறின டிராயிங் கம்பி கட்டறவர் கைக்கு போய் சேராததுதான். ரெண்டுக்கும் தீர்வே வேற வேற.

அதனால கேள்வித்தாள் எழுதறதுக்கு முன்னாடி குறைஞ்சது மூணு சைட்ல, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு வாரம் உக்காருங்க. அனுமதிக்கு கைடு கையெழுத்து போட்ட லெட்டர், ப்ராஜெக்ட் பேர், கம்பெனி பேர் எங்கயும் வராது, "ப்ராஜெக்ட் 1, ப்ராஜெக்ட் 2"ன்னுதான் வரும்னு எழுத்துல ஒரு உறுதி, இது ரெண்டும் இருந்தா நிறைய கதவு திறக்கும். மேஸ்திரி, ஸ்டோர் கீப்பர், பில்லிங் இன்ஜினியர் இவங்ககிட்ட பேசுங்க, ப்ராஜெக்ட் மேனேஜரோட மட்டும் நிறுத்திடாதீங்க.

அங்க போனதும் கேட்டு வாங்க வேண்டியது ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர், அதாவது வேலைக்கு வந்த தடைகளை எழுதற பதிவேடு. சிபிடபிள்யூடி (மத்திய பொதுப்பணித்துறை) மாதிரி அரசு வேலைகள்ல எந்த தடை என்னிக்கு ஆரம்பிச்சுது, என்னிக்கு நீங்கிச்சு, எத்தனை நாள், அதுல ஒண்ணு மேல ஒண்ணு விழுந்த நாள் எத்தனை, நிகரம் எத்தனைன்னு கட்டம் கட்டமா எழுதி ரெண்டு தரப்பும் கையெழுத்து போட்டு வச்சிருப்பாங்க, கால நீட்டிப்பு கேக்கும்போது இதுதான் ஆதாரம். நம்ம துறைல இவ்ளோ நல்ல டேட்டா சைட் ஆபீஸ் பீரோல கிடக்கும்போது, நம்ம ஆராய்ச்சி எல்லாம் கூகுள் ஃபார்ம் டிக் மார்க்கை நம்பி ஓடறது எனக்கு இன்னிக்கும் வருத்தமான விஷயம். அந்த "ஒண்ணு மேல ஒண்ணு விழுந்த நாள்" கட்டத்தை கண்டிப்பா பாருங்க. மழைக்கு 10 நாள் எழுதியிருக்கும், அதே பத்து நாளுக்குள்ளயே டிராயிங் வரலன்னு 6 நாள் எழுதியிருக்கும், ரெண்டையும் கூட்டி 16னு போட்டீங்கன்னா தப்பு, வேலை நின்னது 10 நாள்தான். இந்த ஆறு நாளுக்கு யார் பொறுப்புங்கறதுதான் காண்ட்ராக்ட் தகராறுகளோட பாதி கதை.

தனியார் வேலைல இந்த ரெஜிஸ்டர் இல்லாம இருக்கலாம், அப்போ தினசரி ரிப்போர்ட், டிராயிங் வந்த தேதி ரெஜிஸ்டர், ஆர்ஏ பில் (வேலை நடக்க நடக்க போடற பில்) போட்ட தேதி, பணம் வந்த தேதி இதை வச்சு நீங்களே ஒரு டைம்லைன் போட்டுக்கலாம். மத்திய அரசோட 150 கோடி ரூபாய்க்கு மேல உள்ள ப்ராஜெக்ட்களுக்கு புள்ளியியல் அமைச்சகம் தாமதத்தையும் செலவு கூடினதையும் தொகுத்து வெளியிடுது, பெரிய படம் வேணும்னா அதை எடுத்துக்கோங்க.

இப்போ முறைக்கு வருவோம். நம்ம துறைல அதிகமா ஓடறது ஆர்ஐஐ, அதாவது ரிலேட்டிவ் இம்பார்ட்டன்ஸ் இண்டெக்ஸ். கணக்கு ரொம்ப சுலபம். ஒவ்வொரு காரணமும் எவ்ளோ முக்கியம்னு 50 பேர் 1லேருந்து 5 வரைக்கும் மதிப்பு போடறாங்க, ஒரு காரணத்துக்கு 20 பேர் 5, 15 பேர் 4, 10 பேர் 3, 4 பேர் 2, ஒருத்தர் 1 போட்டிருக்காங்கன்னு வைங்க. 100, 60, 30, 8, 1 எல்லாம் கூட்டினா 199. அதிகபட்சம் வரக்கூடியது 50 பெருக்கல் 5, அதாவது 250. 199ஐ 250ஆல வகுத்தா 0.796. உத்துப் பாருங்க, இது சராசரி 3.98ஐ 5ஆல வகுத்தது, அவ்ளோதான், வேற எந்த மாயமும் இல்ல. இன்னொரு காரணத்துக்கு மொத்தம் 197 வந்தா 0.788. டேபிள்ல முதலாவது மூணாம் ரேங்க், இது அஞ்சாம் ரேங்க்னு போட்டு அதுக்கு ரெண்டு பக்கம் விளக்கமும் எழுதுவோம், ஆனா வித்தியாசம் வெறும் ரெண்டு புள்ளி, ரெண்டு பேர் ஒரு கட்டம் தள்ளி டிக் அடிச்சிருந்தா ரெண்டும் ஒண்ணாயிடும். அதனால ரேங்க் போடறதுக்கு முன்னாடி பூட்ஸ்ட்ராப் (வந்த பதில்கள்லேருந்தே திரும்பத் திரும்ப குலுக்கி எடுத்து கணக்கு போடறது) பண்ணி ஒவ்வொரு ஆர்ஐஐக்கும் ஒரு கீழ் எல்லை, மேல் எல்லை போடுங்க, ஒண்ணோட ஒண்ணு நல்லா ஒட்டிக்கற எல்லைகளை ஒரே குழுவா சொல்லுங்க. "முதல் குழு, ரெண்டாம் குழு"ன்னு சொல்றதுதான் நியாயம்.

இன்னொரு பொறியும் இருக்கு. 50 பேரும் 4 போட்டாலும் 0.8, 25 பேர் 5ம் 25 பேர் 3ம் போட்டாலும் 0.8தான். ரெண்டாவதுல அந்த 5 போட்டவங்க எல்லாம் காண்ட்ராக்டர், 3 போட்டவங்க எல்லாம் க்ளையண்ட்னா, உங்க கண்டுபிடிப்பே அந்த இடத்துலதான் இருக்கு, அதை சராசரிக்குள்ள போட்டு மூடிடாதீங்க. க்ளையண்ட், கன்சல்டண்ட், காண்ட்ராக்டர் மூணு பேருக்கும் தனித்தனியா ரேங்க் போட்டு ஸ்பியர்மேன் ஒப்பீடு (ரெண்டு ரேங்க் வரிசை எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு பாக்கற கணக்கு) பண்ணுங்க. அப்புறம் நான் எல்லார்கிட்டயும் சொல்றது, கேள்வித்தாள் ரேங்கையும் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர் நாள் கணக்குலேருந்து வர்ற ரேங்கையும் அதே மாதிரி பக்கத்துல வைங்க. மனுஷங்க ஞாபகம் வச்சிருக்கறதும் ரெஜிஸ்டர்ல விழுந்த நாளும் எங்க பிரியுதோ அதுதான் உங்க தீசிஸோட உயிர் அத்தியாயம், எனக்கு அப்படித்தான் ஆச்சு.

க்ரான்பாக் ஆல்ஃபா பத்தி கொஞ்சம் அழுத்தி சொல்லணும். 0.7க்கு மேல வந்தா நம்பகம்னு ஒரு வரி எழுதிட்டு போயிடறோம். ஆனா ஆல்ஃபா எதுக்கு வந்தது, ஒரே விஷயத்தை பல கேள்வியால அளக்கும்போது அந்த கேள்விகள் ஒண்ணோட ஒண்ணு சேந்து போகுதான்னு பாக்க. மழையும் பில் தாமதமும் ஒரே விஷயமா? இல்லவே இல்ல, மழை பெய்யற சைட்ல பில்லும் லேட் ஆகணும்னு என்ன கட்டாயம். காரணப் பட்டியல்ல 0.95 வந்துச்சுன்னா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி தாள்களை எடுத்து பாருங்க, அந்த தம்பி மாதிரி சிலர் முழுக்க 4, வேற சிலர் முழுக்க 2ன்னு அடிச்சிருந்தாலும் ஆல்ஃபா அப்படித்தான் ஏறும். ஒரே நேர்கோடா டிக் அடிச்ச தாள் எத்தனைன்னு எண்ணி, அதை சேத்தும் நீக்கியும் ரெண்டு தடவை கணக்கு போட்டு ரெண்டையும் தீசிஸ்ல காட்டுங்க.

சாம்பிள் 384ங்கற எண்ணும் அப்படித்தான் ஊரெல்லாம் சுத்துது. 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீத பிழை, விகிதம் பாதின்னு வச்சு வர்ற எண் அது, குலுக்கல் முறைல ஆள் எடுத்தாதான் அதுக்கு அர்த்தம். வாட்ஸ்அப் குரூப்ல லிங்க் போட்டு 384 பேர் சேத்தா அந்த 5 சதவீதத்தை கோர முடியாது. அதுக்கு பதிலா 60 பேரை யாரு, எத்தனை வருஷ அனுபவம், எந்த மாதிரி ப்ராஜெக்ட்னு தெரிஞ்சு நேர்ல உக்காந்து கேளுங்க.

ஏஹெச்பி எடுக்கறீங்கன்னா, தாமஸ் சாட்டி 1970கள்ல உருவாக்கின முறை, ரெண்டு ரெண்டா ஒப்பிட்டு 1லேருந்து 9 வரைக்கும் மதிப்பு குடுக்கணும். 15 காரணத்தை ஒரே மட்டத்துல வச்சா 105 ஒப்பீடு, எந்த நிபுணரும் பாதிக்கு மேல மனசு வச்சு பண்ண மாட்டார். அதே 15ஐ மூணு மூணா அஞ்சு குழுவா பிரிச்சா குழுக்களுக்கு நடுவுல 10, ஒவ்வொரு குழுவுக்குள்ளயும் 3ன்னு மொத்தம் 25ல முடிஞ்சிடும். ஒப்பீடுகள் ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ முரண்படுதுன்னு காட்டற சீர்மை விகிதம் 0.10க்குள்ள இருக்கணும்ங்கறது தெரிஞ்சதுதான், ஆனா அதைத் தாண்டினா நிறைய பேர் எண்ணை தாங்களே லேசா திருத்திடறாங்க. தயவுசெஞ்சு அதை பண்ணாதீங்க. பேமெண்ட் டிராயிங்கை விட முக்கியம், டிராயிங் ஆளை விட முக்கியம், ஆள் பேமெண்ட்டை விட முக்கியம்னு ஒருத்தர் சுத்தி வந்திருந்தா, திரும்ப போய் அவர்கிட்டயே காட்டி கேளுங்க. "இல்ல சார், ஃபவுண்டேஷன்ல ஆளு முக்கியம், ஃபினிஷிங்ல பேமெண்ட் முக்கியம்"னு சொல்வார், அப்போதான் உங்க மாடல்ல வேலையோட கட்டம்ங்கற ஒரு விஷயமே விட்டுப்போனது தெரியும்.

டெல்ஃபை, அதாவது நிபுணர்கள்கிட்ட ரவுண்டு ரவுண்டா கருத்து கேக்கற முறை பண்றவங்களுக்கு ரெண்டே வார்த்தை. பேர் தெரியாம வைங்க, ஏன்னா ஒரே ரூம்ல சீஃப் இன்ஜினியர் இருந்தா ஜூனியர் வாயே திறக்க மாட்டார். ரவுண்டுக்கு ரவுண்டு ஆள் குறையும், அதனால கூடுதலா ஆள் வச்சு ஆரம்பிங்க.

ஆர்கிடெக்சர் பக்கம் பண்றவங்களுக்கும் இதே கதைதான், கருவி மட்டும் மாறும். பசுமைக் கட்டட ரேட்டிங்கை எடுத்துக்கோங்க, பிரிட்டன்ல 1990ல ப்ரீயம் வந்தது, அப்புறம் அமெரிக்காலேருந்து லீட், நம்மகிட்ட கிரிஹா, ஐஜிபிசி, எல்லாமே புள்ளி குடுத்து கூட்டற முறை, ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்ளோ எடைன்னு யாரோ உக்காந்து முடிவு பண்ணினதுதான். புதுசா இன்னொரு ரேட்டிங் உருவாக்கறதை விட, ரேட்டிங் வாங்கின கட்டடத்துல 12 மாச ஈபி ரீடிங் எடுத்து டிசைன்ல சொன்னதோட ஒப்பிடுங்க, அதுக்கே ஒரு முழு தீசிஸ் ஆகும். உள்ள இருக்கறவங்ககிட்ட வெக்கை பத்தி கேக்கறீங்கன்னா, மைனஸ் 3லேருந்து (ரொம்ப குளிர்) ப்ளஸ் 3 (ரொம்ப சூடு) வரைக்கும் அவர் சொல்ற அதே நிமிஷம், அவர் உக்காந்திருக்கற இடத்துலயே வெப்பம், ஈரப்பதம், காத்து வேகம் எடுங்க. உக்காந்திருக்கறவருக்கு கருவி 0.6 மீட்டர் உயரத்துல இருக்கணும். காலைல கருவி வச்சுட்டு மத்தியானம் வந்து கேள்வி கேட்டா ரெண்டும் சேராது, ஃபேன் ஓடுச்சா ஜன்னல் திறந்திருந்துச்சான்னு கூட அதே தாள்ல குறிச்சிடுங்க.

எந்த முறை எடுத்தாலும் கடைசில எடைகளை ஆட்டிப் பாருங்க. ஒவ்வொரு எடையையும் 10 சதவீதம் ஏத்தி, 10 சதவீதம் இறக்கி, மத்ததை அதுக்கு ஏத்த மாதிரி சரி பண்ணி ரேங்க் மாறுதான்னு ஒரு டேபிள் போடுங்க. மாறுச்சுன்னா மறைக்காதீங்க, எது எப்போ மாறுதுன்னு எழுதுங்க. வைவால பரிட்சகர் முதல்ல கை வைக்கற இடம் அதுதான், டேபிள் இருந்தா பதில் உங்க கையிலயே இருக்கும்.

நேரக் கணக்கும் போட்டுக்கோங்க. யுஜிசி 2022 விதிப்படி குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 வருஷம் வரைக்கும் தளர்வு உண்டு. கோர்ஸ் ஒர்க் ஓடும்போதே சைட்டுக்கு போக ஆரம்பிங்க, ஏன்னா ஒரு கட்டடம் ஃபவுண்டேஷன்லேருந்து ஃபினிஷிங் வர ரெண்டு வருஷம் ஆகும், நடுவுல போய் சேந்தா முன்னாடி நடந்த தாமதம் எல்லாம் ஞாபகத்துலேருந்துதான் வரும். ஒவ்வொரு விசிட்டுக்கும் தேதி, நேரம், யார்கிட்ட பேசினீங்க, அன்னிக்கு என்ன வேலை ஓடுச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி, அன்னிக்கு ராத்திரியே போட்டோ எடுத்து ரெண்டு இடத்துல சேமிச்சு வைங்க. சினாப்சிஸ் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க ரேங்க் டேபிளை எடுத்துகிட்டு அந்த மூணு சைட்டுக்கும் ஒரு தடவை திரும்ப போங்க, மேஸ்திரிகிட்டயும் பில்லிங் இன்ஜினியர்கிட்டயும் காட்டி "இது சரியா இருக்கா"ன்னு கேளுங்க, அவங்க இல்லன்னு சொல்ற வரிகளை அவங்க சொன்ன காரணத்தோட சேத்து டிஸ்கஷன் அத்தியாயத்துல எழுதிட்டு அப்புறம் பைண்டிங்குக்கு குடுங்க.