சுட்ட ஹைட்ரோடால்சைட் சோர்ந்துபோன கதை: என் அனுபவம்

சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்குப் பதிலாக, 450 டிகிரி செல்சியஸில் சுட்ட மக்னீசியம்-அலுமினியம் ஹைட்ரோடால்சைட்டை (அடுக்கடுக்காக அமைந்த கனிமம்; சுட்டால் அடுக்குக் குலைந்து காரப் பொடியாகும்) வினையூக்கியாகக் கொண்டு பென்சால்டிஹைடையும் அசிட்டோபீனோனையும் இணைத்துச் சால்கோன் என்ற கரிமச் சேர்மத்தைத் தயாரித்துவந்தேன். வடிகட்டினால் வினையூக்கி தனியே வந்துவிடும். நடுநிலையாக்கலில் சேரும் உப்புக் கழிவும் இல்லை. முதலில் அருமையாக நடந்தது. பிறகு அதே பொடி, அதே அளவு; கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகக் காட்டும் டிஎல்சி தகட்டில் சால்கோன் புள்ளியைத் தேட வேண்டியிருந்தது.

முதல் சந்தேகம் பென்சால்டிஹைடின் மேல். காற்று பட்டால் அது பென்சாயிக் அமிலமாகி வினையூக்கியின் காரத் தளங்களை அடைத்துவிடும். புதிதாக வடித்தெடுத்தும் பலனில்லை. வெப்பத்தைக் கூட்டியதில் கலவை பழுப்பானதுதான் மிச்சம்.

துப்புக் கொடுத்தது தராசு. பொடியை நிறுக்கும்போது கடைசி இலக்கம் நிற்காமல் மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. தராசுக் கோளாறு என்று யாரும் தள்ளிவிடக்கூடிய விஷயம். ஆனால் வெறும் தாளை வைத்தால் எண் அசையவில்லை. சுட்ட பொடி காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொண்டு பழைய அடுக்கமைப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது; அதனால்தான் வினை சோர்ந்தது. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்புவிலகல் சோதனையில், செம்பிலிருந்து வரும் எக்ஸ் கதிருக்கு 11.6 டிகிரி கோணத்தருகே, அடுக்குகளுக்குரிய முகடு மறுபடி தலைகாட்டியது. ஈரம் படாமல் காக்கும் டெசிக்கேட்டர் கலனில்தானே பொடி இருந்தது என்றால், அதிலுள்ள சிலிக்கா ஜெல் ஈரத்தைப் பிடிக்குமே தவிர, கார்பன் டை ஆக்சைடைத் தடுக்காது.

மீண்டும் 450 டிகிரியில் சுட்டு, நைட்ரஜன் ஓட்டத்திலேயே ஆறவைத்தேன். பொடியைத் தாளில் கொட்டாமல், மூடிய குப்பியைக் கொட்டுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்து, வித்தியாசத்தை எடையாகக் கொண்டேன். புள்ளி பளிச்சென்று வந்தது, அப்பாடா! இப்போதெல்லாம் வினை வைக்கும் அன்றுதான் சுடுகிறேன்.