ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஒரு விஞ்ஞான மாணவியைப் படிக்க வைப்பது எப்படி?

இலங்கையில் பல்கலைக்கழகக் கல்வி இலவசம். வகுப்புக் கட்டணம் கிடையாது. "பிறகு எதற்குக் காசு?" என்று கேட்பவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் விடை சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவோம்.

முல்லைத்தீவிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குப் போகும் பிள்ளை பல்கலைக்கழகம் இருக்கும் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் தங்க இடம் தேட வேண்டும். விடுதி கிடைக்காவிட்டால் வாடகை அறை, அதற்கு முற்பணம், மூன்று நேரச் சாப்பாடு, பஸ் செலவு. விஞ்ஞானப் பிள்ளைக்கு இவற்றுக்கு மேலும் உண்டு: ஆய்வுகூட மேலங்கி, செய்முறைப் புத்தகங்கள், கணிப்பான், ஒரு மடிக்கணினி. காலையில் விரிவுரை முடிந்தால் பிற்பகலில் ஆய்வுகூட வகுப்பு தொடங்கும். மாலைவரை அங்கேதான் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்க நேரம் மிஞ்சுவது அரிது. ஊர்ப் பெண்கள் விஞ்ஞான மாணவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அரசாங்கத்தின் மஹாபொல புலமைப்பரிசில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்துவருகிறது. அதன் மாதத் தொகையை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்த்துவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். அது பெரிய துணை, சந்தேகமில்லை. ஆனால் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கிடைப்பவருக்கும் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். வீட்டுக்காரர் முற்பணம் கேட்பதோ முதல் நாளில்.

பெண்கள் கூடி விஞ்ஞானக் கல்விக்கு நிதி திரட்டுவது புதிய எண்ணமும் இல்லை. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக் செய்மதியை ஏவியது. அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சலஸில் சில பெண்கள் தொண்டர்களாகக் கூடி, தங்கள் நாட்டு விஞ்ஞான மாணவர்களுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்த ஆர்க்ஸ் அறக்கட்டளை இன்றும் பெண் தொண்டர்களாலேயே நடத்தப்படுகிறது. அவர்களுடைய வசதி நமக்கு இல்லை. கூடி உட்கார நம்மிடமும் ஓர் அமைப்பு இருக்கிறது.

முதற்படி: புதிய சங்கம் தொடங்க வேண்டாம்

வன்னியின் பெரும்பாலான கிராமங்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. அதற்குப் பதிவு உண்டு, தலைவி, செயலாளர், பொருளாளர் உண்டு, அநேகமாக வங்கிக் கணக்கும் உண்டு. புதிய பெயர், புதிய முத்திரை என்று அலைவதில் ஆறு மாதம் போய்விடும். சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் "கல்வி நிதிக் குழு" என்று ஓர் உபகுழுவை அமைத்து, தீர்மானத்தைக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் எழுதி, வந்தவர்கள் எல்லாரிடமும் கையொப்பம் வாங்குங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

குழுவில் ஐந்து பேர் போதும். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருந்தால் நல்லது. ஒருவர் கணக்கில் கறாரானவராக இருந்தே ஆக வேண்டும். ஊரில் எல்லாரோடும் முகம் முறியாமல் பழகுபவர் ஒருவரும் தேவை, ஏனென்றால் வீடு வீடாகப் போகப்போவது அவர்தான்.

இரண்டாம் படி: காசு வருமுன் கணக்கு

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கல்வி நிதிக்கெனத் தனியான சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறவுங்கள். மூவர் பெயரில் திறந்து, பணம் எடுக்க இருவர் கையொப்பம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரராகவோ நெருங்கிய உறவினராகவோ இருக்கக் கூடாது.

வாங்க வேண்டிய பொருட்கள் மூன்று: இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம், காசேடு, செலவுச் சிட்டைகளைப் போட்டுவைக்க ஒரு கோவை. ஐம்பது ரூபாய் தருபவருக்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள். "சின்னக் காசுதானே, எழுத வேண்டாம் பிள்ளை" என்று அம்மாமார் சொல்வார்கள். எழுதிக் கையில் கொடுங்கள். சேர்ந்த காசை வீட்டில் வைத்திருக்காமல் அடுத்த வேலைநாளிலேயே வங்கியில் போடுங்கள். வன்னியில் நுண்கடன் குழுக்களாலும் கைவிட்டுப்போன சீட்டுக்களாலும் நொந்த பெண்கள் பலர். அவர்கள் மறுபடியும் நம்பிக் காசு தருவதென்றால், கேட்ட நேரத்தில் காசேட்டைத் திறந்து காட்ட நம்மால் முடிய வேண்டும்.

மூன்றாம் படி: ஒரு பிள்ளை, முழுப் படிப்பு

பத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, மேடை போட்டுப் படம் எடுப்பது எளிது. அந்த ஐயாயிரம் அடுத்த மாத வாடகைக்குக் காணாது. மாதந்தோறும் ஒரே திகதியில், படிப்பு முடியும்வரை, தவறாமல் போய்ச் சேரும் காசுதான் ஒரு பிள்ளையை ஆய்வுகூடத்தில் நிறுத்தும். ஆகவே ஒருவரோடு தொடங்குங்கள்.

மாதம் 10,000 ரூபாய் என்று முடிவு செய்தால் ஆண்டுக்கு 120,000. நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 480,000. மூன்று ஆண்டுப் பொதுப் பட்டமானால் 360,000. வேலைநிறுத்தம், நோய்த்தொற்று, எரிபொருள் தட்டுப்பாடு என்று பல்கலைக்கழகம் மூடப்பட்டு நான்கு ஆண்டு ஐந்தாக நீண்டதை நாம் கண்டிருக்கிறோம். எனவே இன்னொரு 120,000 கூடுதலாகத் தேவைப்படலாம் என்று நினைத்தே திட்டமிடுங்கள். முதலாம் ஆண்டுக்கான 120,000 முழுவதும் வங்கியில் சேர்ந்த பின்னரே விண்ணப்பம் கோருங்கள். அதற்கு முன்னர் எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

தொடக்க உதவியாக ஒரு தொகையும் ஒதுக்குங்கள். அறை முற்பணம், மேலங்கி, பாய் தலையணை எல்லாம் முதல் மாதத்தில் ஒன்றாக வந்து விழும். மடிக்கணினி உங்கள் சக்திக்கு மீறியது என்றால், பயன்படுத்திய நல்ல கணினி ஒன்றை யாரிடமாவது கேட்டு வாங்கலாம்.

நான்காம் படி: நிதி திரட்டல்

அடித்தளம் மாதச் சந்தா. இருபது பெண்கள் மாதம் 500 ரூபாய் கொடுத்தால் 10,000 ஆகிவிடுகிறது. ஒரு பிள்ளையின் மாதச் செலவு அங்கேயே சரி. 500 முடியாதவர் 100 கொடுக்கலாம், அதற்கேற்ப ஆட்களைக் கூட்டுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். மொத்தத்தை மட்டும் வாசியுங்கள்.

காசாகக் கொடுக்க இயலாத வீடுகளுக்குப் பிடியரிசி இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பழக்கம் நம் தாய்மாருக்குத் தெரிந்ததுதான். ஒரு பிடி 40 கிராம் என்று வைத்தாலும் முப்பது நாளில் ஒரு வீட்டிலிருந்து 1.2 கிலோ, இருபத்தைந்து வீடுகளிலிருந்து 30 கிலோ. மாத முடிவில் சேர்த்து நிறுத்து விற்கலாம். வெவ்வேறு வீட்டு அரிசி கலப்பதால் சோற்றரிசியாக நல்ல விலை போகாது. இடித்து மாவாக்கினால் இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் ஊரிலேயே விலைப்படும். சம்பா, நாடு, பச்சை அரிசி என்று மூன்று பைகளை வீடுகளுக்குக் கொடுத்துப் பிரித்தே வாங்குவது இன்னும் நல்லது.

அடுத்தது அறுவடை. பெரும்போக நெல் வீடு வரும் தை முதல் பங்குனி வரையான மாதங்களில்தான் வன்னியில் கைகள் தாராளமாகத் திறக்கும். இரணைமடுக் குளத்தின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் வயல் செய்பவர்களிடம் நெல்லாகவே கேளுங்கள். களத்தில் நிற்பவருக்குக் காசைவிட ஒரு மூட்டை நெல் கொடுப்பது இலகு. உலர்ந்த நெல்லாக வாங்கி, விலை ஏறும்வரை வைத்திருக்க ஒரு பாதுகாப்பான இடத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். எலி புகாத இடமாக இருக்கட்டும்.

திருவிழாக் காலத்தில் கடை போடலாம். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசியில் வருகிறது. ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோவிலில் நாடு முழுவதிலுமிருந்து சனம் கூடுகிறது. ஆலய நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் எழுத்தில் அனுமதி பெற்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லிவிடுங்கள். வெயிலில் கெட்டுப்போகும் பண்டங்கள் வேண்டாம். எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம், வறுத்த கச்சான், பனங்கட்டி ஆகியவை மிஞ்சினாலும் மறுநாள் விற்கலாம். விற்ற காசு முழுவதும் இலாபம் என்று நினைக்காதீர்கள். எண்ணெய், விறகு, பொதி செய்யும் தாள், வான் கூலி எல்லாவற்றையும் கழித்த பின்னர் நிற்பதே நிதி. உழைத்த பெண்களின் நேரத்தையும் நினைத்துப் பாருங்கள்: ஆண்டுக்கு இரண்டு கடைகளுக்கு மேல் போட்டால் அலுத்துப்போய் ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள்.

வெளிநாட்டு உறவுகளைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊரில் இருபது பெண்கள் தாமே கொடுக்கிறார்கள் என்று கணக்கைக் காட்டிக் கேட்கும்போது ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள். பெருந்தொகை ஒன்றை ஒரே தடவையில் கேட்பதைவிட, ஆண்டுக்கு ஒரு மாதச் செலவை ஒரு குடும்பம் ஏற்கும்படி கேளுங்கள். பணம் வங்கி வழியாகவே வரட்டும், வங்கிக்கு வெளியே ஆள்வழி கைமாற்றும் உண்டியல் முறையில் வேண்டாம். வெளிநாட்டுப் பணம் தொடர்ந்து வருமானால் பிரதேச செயலகத்தில் விதிகளைக் கேட்டு அதன்படி நடவுங்கள். இன்னொன்று: கொடுப்பவருக்கு மாணவியின் தொலைபேசி இலக்கத்தையும் படத்தையும் கொடுக்காதீர்கள். நன்றியும் நலம் விசாரிப்பும் குழு வழியாகப் போய்வரட்டும். இருபது வயதுப் பெண்பிள்ளை முன்பின் தெரியாத ஒருவருக்கு இரவில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் நிலையை நாம் உருவாக்கக் கூடாது.

ஐந்தாம் படி: தெரிவு

விஞ்ஞானத் துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் கொடுக்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. இந்த வழியால் போன பிள்ளையைக் குறைவாக மதிப்பவர்கள் உண்டு. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்து அவள் எடுத்த புள்ளி எனக்குப் பெரிதாகத்தான் தெரிகிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியை மட்டும் வைத்துத் தெரிவு செய்யாதீர்கள்.

விண்ணப்பத்தை ஒரே தாளில் முடியுங்கள். உயர்தரப் பெறுபேறு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தெரிவுக் கடிதம், குடும்ப வருமானம் பற்றிக் கிராம அலுவலரின் சான்று, மஹாபொல அல்லது வேறு உதவி கிடைக்கிறதா என்ற விவரம் ஆகியவை போதும். யாழ்ப்பாணம் மட்டும் என்று கட்டுப்படுத்த வேண்டாம். பம்பைமட்டில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. அங்கே பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. பேராதனைக்கும் கொழும்புக்கும் போகும் பிள்ளைகளுக்குச் செலவு இன்னும் கூட.

"உங்கள் குடும்பம் போரில் இழந்ததை எழுதுக" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். 2009 இந்த மண்ணில் யாரைத் தொடாமல் போனது? துயரத்தை விரித்து எழுதத் தெரிந்த பிள்ளைக்குக் காசு, எழுத முடியாமல் பேனையை வைத்துவிட்ட பிள்ளைக்கு இல்லை என்றாகிவிடும். குழுவிலிருந்து இருவர், முன்கூட்டியே சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தாயோடு இருந்து பேசி வந்தால் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். மகளோ பெறாமகளோ விண்ணப்பித்திருந்தால் அந்த உறுப்பினர் தெரிவில் உட்காரக் கூடாது. தெரிவாகாத பிள்ளைகளுக்கும் கடிதம் எழுதுங்கள்.

ஆறாம் படி: கொடுப்பதும் கூட நிற்பதும்

மாணவியின் சொந்தக் கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதி பணம் போகும்படி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். பொன்னாடை, மேடை, பெரிய காசோலை அட்டை எதுவும் வேண்டாம். கடன்பத்திரம்போல் எதையும் எழுதி வாங்கவும் வேண்டாம்.

விஞ்ஞானப் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. உயர்தரம்வரை தமிழில் இரசாயனமும் பௌதிகமும் படித்த பிள்ளை முதல் அரையாண்டில் தடுமாறுவது இயல்பு. அதே பீடத்தில் மேல்வகுப்பில் படிக்கும் நம் பக்கத்து மாணவி ஒருவரை அறிமுகம் செய்துவைப்பது பல சமயங்களில் காசைவிட உதவும். ஒரு பாடத்தில் மீள்பரீட்சை வந்துவிட்டது என்பதற்காகக் கொடுப்பனவை நிறுத்தாதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். வரவு குறைந்து, கேட்டும் பதில் இல்லாமல் போனால் மட்டும் குழு கூடி முடிவு செய்யட்டும்.

விடுமுறையில் ஊருக்கு வரும்போது, விருப்பம் இருந்தால், உயர்தர மாணவர்களுக்கு ஒருநாள் செய்முறைப் பாடம் சொல்லித்தரக் கேட்கலாம். நிபந்தனையாக வைக்க வேண்டாம்.

ஏழாம் படி: ஆண்டுக் கணக்கு, பிறகு அடுத்த பிள்ளை

ஆண்டு முடிவில் வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் ஒரே தாளில் எழுதி, குழுவில் இல்லாத ஒருவரைக் கொண்டு சரிபார்ப்பித்து, சங்க மண்டபத்திலும் பாடசாலையிலும் ஒட்டுங்கள். மாணவியின் பெயர் அதில் வர வேண்டியதில்லை. "உயிரியல், இரண்டாம் ஆண்டு" என்றால் போதும்.

இரண்டாவது பிள்ளையை எடுக்கலாமா என்ற ஆசை முதலாண்டிலேயே வரும். முதற்பிள்ளைக்கு அடுத்த ஆண்டு தேவையான 120,000 வங்கியில் இருக்க வேண்டும். அதற்கு மேல் இரண்டாவது பிள்ளைக்கென இன்னொரு 120,000 சேர்ந்திருக்க வேண்டும். சந்தா கொடுப்பவர்கள் நாற்பதை நெருங்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் அடுத்த தெரிவுக் கடிதங்கள் வரும் காலத்தில் விண்ணப்பத்தை ஒட்டுங்கள். பொருந்தாவிட்டால் அடுத்த அறுவடை வரை பொறுத்திருந்து, பிடியரிசிப் பைகளை இன்னும் பத்து வீடுகளுக்குக் கொடுங்கள்.